வட்டத்துக்குள் தவமணி சார்

ஜனவரி 4

புத்தாண்டுக்கு வந்த டைரிகளில் ஒன்றை ஸ்டுடியோ முதலாளி பஷீர் பாய் என்னிடம் கொடுத்தார். "புது வேலை ஒண்ணு எடுத்திருக்கேன் ஈஸ்வரிம்மா. எதை எப்படிச் செஞ்சேன்னு அப்பப்ப குறிச்சு வை. ரெண்டாவது தடவ செய்யும்போது முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது." ஆகவே இது வேலைக் குறிப்பு. வேறு எதையும் எழுதும் எண்ணம் இல்லை.

வேலை இதுதான். நத்தம் சாலையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். கணக்கு வாத்தியார் தவமணி சார் அறிவியலையும் சேர்த்து எடுக்கிறார். அவருக்கும் காது கேட்காது. மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். மார்ச் பதினான்காம் தேதி விடுதியை மூடி, படிப்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் யாருக்கும் சைகைமொழி தெரியாது. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. அதனால் பதினான்கு பாடங்களையும் தவமணி சார் சைகையில் நடத்த, அதை வீடியோவாக்கிப் பிள்ளைகளின் செல்போனில் போட்டுக் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியை கேட்டதும் பாய் சரி என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறார்.

நான் இந்த ஸ்டுடியோவில் ஏழு வருஷமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் வானத்திலிருந்து பூ கொட்ட வைப்பேன். இதய வடிவத்துக்குள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சுழல விடுவேன். இதயத்துக்கு நான்கு அறைகள் உண்டு என்பதைப் பாடப் புத்தகத்தைப் புரட்டித்தான் ஞாபகப்படுத்திக்கொண்டேன்.

ஜனவரி 6

முதல் படப்பிடிப்பு. ஸ்டுடியோவின் பின்சுவரில் சாம்பல் நிறத் துணி கட்டி, அதன் முன்னால் தவமணி சாரை நிறுத்தினோம். முப்பத்தெட்டு வயது இருக்கும். ஒல்லியான ஆள். கட்டம் போட்ட சட்டை. அது கேமராவில் நெளிந்து நெளிந்து தெரிந்தது.

பாய் பழக்க தோஷத்தில் "ஸ்டார்ட்" என்று கத்தினார். சார் அப்படியே நின்றார். பாய் இன்னும் பலமாகக் கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாரும் சிரித்தார். பிறகு நான் கையை உயர்த்தி இறக்கினேன். அவர் தொடங்கினார்.

பன்னிரண்டு நிமிஷம். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை.

ஜனவரி 8

சிக்கல். இதயத்தின் படம் திரை முழுக்க இருக்க வேண்டும். சாரும் தெரிய வேண்டும். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அவரை வைத்தால் வலது ஆரிக்கிளை மறைக்கிறார். இடம் மாற்றினால் இடது வென்ட்ரிக்கிளை மறைக்கிறார். சுருக்கினால் விரல் தெரியவில்லை.

மத்தியானம் முழுக்க அவரைத் திரையின் நான்கு மூலைக்கும் நகர்த்திப் பார்த்தேன்.

ஜனவரி 9

கிடைத்துவிட்டது.

நம் மென்பொருளில் எஃபெக்ட்ஸ் பட்டியலில் அடியில், நான் ஏழு வருஷமாகத் தொடாத ஒரு இடம். பெயர் மாஸ்க். படத்தின் மேல் ஒரு வடிவம் வரைந்தால் வடிவத்துக்குள் இருப்பது மட்டும் தெரியும், மிச்சம் மறைந்துவிடும். வட்டம் வரையலாம், கட்டம் வரையலாம். பேனா மாதிரி ஒன்று இருக்கிறது. அதை வைத்துப் புள்ளி புள்ளியாக எந்த வடிவம் வேண்டுமானாலும் வரையலாம். நான் இத்தனை நாள் கல்யாணத்துக்குப் போட்ட இதயமும் பூவும் இதில் யாரோ வரைந்து வைத்த வடிவங்கள்தான் என்று இன்றுதான் தெரிந்தது.

தவமணி சாரைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தேன். சுவர், துணி, லைட் ஸ்டாண்டு எல்லாம் போய் அவர் மட்டும் நின்றார்.

ஜனவரி 10

இன்று கண்டுபிடித்தது நேற்றையதைவிடப் பெரியது. மாஸ்க்கின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கடிகாரம். அதை அழுத்தினால் கீழே வைரக்கல் மாதிரி ஒரு குறி விழுகிறது. அந்த நொடியில் வட்டம் எங்கே இருந்தது, எவ்வளவு பெரியது என்பதை அது ஞாபகம் வைத்துக்கொள்கிறது. நான்கு நொடி தள்ளிப் போய் வட்டத்தை வேறு இடத்துக்கு நகர்த்தினால் அங்கே இன்னொரு வைரக்கல். ஓட விட்டுப் பார்த்தேன். முதல் இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு வட்டம் தானாகவே வழுக்கிக்கொண்டு போகிறது. வழியில் சுருங்கச் சொன்னால் சுருங்குகிறது. நீளச் சொன்னால் நீளுகிறது.

பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஐந்து தடவை ஓட விட்டுப் பார்த்தார். "இத்தன வருஷமா நம்ம வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு" என்றார்.

இனி வலது ஆரிக்கிளைச் சொல்லும்போது சார் இடது பக்கம் ஒதுங்குவார். மேலே எழுத்து வரும்போது வட்டத்தின் மேல்விளிம்பு கொஞ்சம் இறங்கி எழுத்துக்கு வழிவிடும். கை தெரிந்தால் போதும் அல்லவா.

ஜனவரி 12

முதல் பாடம் முடிந்தது. பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். பொங்கல் லீவில் பிள்ளைகள் பார்த்து, கூடவே கொடுத்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதி வருவார்கள்.

ஏழு வருஷத்தில் செய்ததில் இதுதான் நல்ல வேலை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 15

பொங்கல். அப்பா டிவியை அலற விட்டுக்கொண்டு பட்டிமன்றம் பார்த்தார்.

ஜனவரி 20

தவமணி சார் நான்கு மணிக்கு ஸ்டுடியோவுக்கு வந்தார். கையில் விடைத்தாள் கட்டு. பத்தொன்பதையும் என் மேஜையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் மூன்றாவது கேள்வியை விரலால் தொட்டுக் காட்டினார். வலது ஆரிக்கிளுக்கு வந்து சேரும் ரத்தம் எப்படிப்பட்டது? பத்தொன்பது பேரும் 'ஆக்சிஜன் உள்ள ரத்தம்' என்று எழுதியிருந்தார்கள். அது தப்பு. ஆக்சிஜன் இல்லாத ரத்தம்தான் அங்கே வருகிறது.

"ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதியிருப்பாங்களோ?" என்று செல்போனில் தட்டிக் காட்டினேன்.

அவர் தட்டினார்: "அவரவர் வீட்டில் எழுதியது. பத்தொன்பது ஊர்."

பிறகு என் கம்ப்யூட்டரில் பாடத்தை ஓட விட்டு, நான்காவது நிமிஷத்தில் நிறுத்தினார். எழுந்து எனக்கு எதிரே நின்று அதே வரியைச் சைகையில் சொன்னார். ஒரு விடைத்தாளை எடுத்துத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மறுபடியும் சொன்னார். தாளை எடுத்துவிட்டு மூன்றாம் முறை சொன்னார். அப்போதுதான் பார்த்தேன். கை 'ஆக்சிஜன்' என்று சொல்லும்போதே தலை அசைந்து, கண் சுருங்கி, உதடு இறுகியது. 'இல்லாத' என்ற சொல் முகத்தில் இருந்தது.

அந்த இடத்தில்தான் நான் எழுத்துக்கு வழிவிட வட்டத்தின் மேல்விளிம்பை இறக்கியிருந்தேன். கை தெரிந்தது. முகம் தெரியவில்லை. 'இல்லாத' என்பதை நான் வெட்டி எறிந்திருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். "என் மேலும் தப்பு. கையாலும் சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில் தலையால் மட்டும் சொல்லிவிட்டேன்" என்று தட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு வரி சேர்த்தார்: "முகமும் பேச்சுதான் மேடம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பத்தொன்பது ஊர் ஞாபகம். எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் வரவில்லை. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஜனவரி 21

முதல் பாடத்தை அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து செய்கிறேன். பாய் டீ வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 22

சாரிடம் கேட்டேன். என்ன சொல்கிறார் என்று புரியாமல் நான் மாஸ்க் போட்டால் மறுபடியும் எங்காவது ஒரு சொல் உயிரை விடும். அதனால் எனக்குச் சைகை கற்றுக்கொடுக்க முடியுமா? பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் நான்கிலிருந்து ஐந்தரை வரை ஸ்டுடியோவுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். வேலைக்கு இது அவசியம்.

ஜனவரி 30

இதுவரை தெரிந்தவை: ரத்தம், இதயம், ஒளி, கண்ணாடி, தண்ணீர், செடி, ஏன், எப்படி, முடிந்தது, மறுபடியும், டீ.

மூன்று பாடம் ஆகியிருக்கிறது.

பிப்ரவரி 3

மாலை நான்கு மணி. பத்தாம் வகுப்பிலிருந்து நான்கு பிள்ளைகளைச் சார் ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்தார். பார்த்துவிட்டுக் குறை சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஒளி பற்றிய பாடத்தைப் போட்டேன். எனக்கு அதில் பெருமை. வட்டம் அப்படி நகர்கிறது! லென்ஸைச் சொன்னால் லென்ஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கதிர் வளையும்போது வட்டமும் வளைந்து போகும். பெரிதாகும், முட்டை வடிவமாகும், மறுபடி வட்டமாகும்.

யாழினி என்று ஒரு பெண். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். இரட்டைச் சடை, துறுதுறுப்பு. முடிந்ததும் அவள் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள். மற்ற மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டிக் காட்டினார்: "அடுத்து வட்டம் எங்கே ஓடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாடத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை போடுங்கள், நன்றாக ஓடுகிறது என்கிறாள்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நகர்த்த முடிகிறது என்பதற்காக நகர்த்தியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தால் அந்தப் பாடத்தில் இருநூற்றுப் பத்து வைரக்கல்.

பிப்ரவரி 5

ஒளிப் பாடத்தில் இப்போது முப்பத்தொரு வைரக்கல். படத்தை மறைக்கும்போது மட்டும் நகர்கிறார். மற்ற நேரம் நிற்கிறார். யாழினி பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினாளாம்.

பிப்ரவரி 9

அப்பா மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். பஸ் கண்டக்டராக முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். இன்று பள்ளிக்கு அரை நாள் என்பதால் சார் அப்போதே வந்திருந்தார். அவருக்குக் காது கேட்காது என்று நான் சொன்னதும் அப்பா அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "சார் சாப்டீங்களா?" என்று கேட்டார். பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து, "நான் சாப்டேன்ணே" என்று குரல் வந்தது.

நான் சாருக்குச் சைகையில் சொன்னேன். சார் அப்பாவைக் கும்பிட்டுவிட்டு, இல்லை, இனிமேல்தான் என்றார். அப்பா டிபன் கேரியரை அவர் பக்கம் நகர்த்தி, "உருளக்கெழங்கு பொரியல்" என்று அதே குரலில் அறிவித்தார்.

மூன்று பேரும் சாப்பிட்டோம். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்ததால் என் பொரியல் ஆறிவிட்டது.

பிப்ரவரி 13

கட்டம் போட்ட சட்டை கேமராவில் நெளிகிறது, ஒரே நிறத்தில் போட்டு வாருங்கள் என்று ஜனவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். நேற்றுத்தான் சொன்னேன். இன்று கருநீலச் சட்டையில் வந்தார். கை எடுப்பாகத் தெரிகிறது. கேமராவுக்குக் கருநீலம் மிகவும் பொருத்தம்.

பிப்ரவரி 17

எட்டாவது பாடம். வேலை வேகமாக நடக்கிறது. காரணம் இருக்கிறது. சார் இடது கையைத் தூக்குவதற்கு முன்னால் வலது தோள் ஒரு இழை இறங்குகிறது. பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லப் போகிறார் என்றால் அதற்கு முன் ஒரு தடவை இமைக்கிறார். புரியாதவனுக்காக ஒன்றைத் திருப்பிச் சொல்லும்போது கை மெதுவாகிறது, முகம் பளிச்சென்று ஆகிறது. இதெல்லாம் தெரிந்துவிட்டால் வட்டத்தை எங்கே விரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கை போய்விடும். குறித்து வைக்கிறேன், பின்னால் உதவும்.

பிப்ரவரி 21

பாய் மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுத்தார். மாஸ்க்கின் பக்கத்தில் புதிதாக ஒரு பொத்தான். ஒரு தடவை ஆளைச் சுற்றி வரைந்துவிட்டு அதை அழுத்தினால் போதும். ஆள் எங்கே போனாலும் வட்டம் தானாகப் பின்னால் போகிறது. வைரக்கற்கள் கடகடவென்று தானாக விழுகின்றன. நான் ஒன்றரை நாளில் செய்வதை மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டது.

ஒரு இடத்தில் சாரின் இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் வந்தன. வட்டம் குழம்பிப் போய் அவரை விட்டுவிட்டு, சுவரில் இருந்த ஆணியைப் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா பாய், இத நம்ப முடியாது" என்றேன்.

"பன்னெண்டு நிமிஷத்துல ஒரு எடத்துலதானேம்மா வழுக்குது. அத மட்டும் சரி பண்ணிட்டா ஆச்சு."

"இல்ல பாய், முழுசா நானே ஒருவாட்டி பாத்துடறேன்."

பாய், "கல்யாண வீடியோவுக்கு ஒருநாளும் நீ இவ்வளவு பொறும காட்டுனதில்லையே" என்று சொல்லிவிட்டுக் கடை வாசலுக்குப் போனார்.

பிள்ளைகளின் பரீட்சை விஷயம். பொறுமை வேண்டும்தானே.

பிப்ரவரி 26

இன்று பாடம் சீக்கிரம் முடிந்தது. டீ குடித்துக்கொண்டு பேசினோம். இப்போதெல்லாம் செல்போனை எப்போதாவதுதான் எடுக்கிறோம். நான் தப்பாகச் சொன்னால் அவர் என் விரலைத் தொடாமல், தன் விரலால் சரியாகச் செய்து காட்டுவார்.

அவர் பேகம்பூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். வீட்டில் ஆறு பேர். அவரோடு பேச அவர்களுக்குத் தெரிந்தது மூன்றே சைகை: வா, சாப்பிடு, லைட்டை அணை. நல்லவர்கள்தான், யாரும் ஒரு குறை வைப்பதில்லை, ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகுதான் நான் வாயைத் திறக்கிறேன் என்றார். 'வாயைத் திறக்கிறேன்' என்பதை அவர் கையால் சொன்ன விதம் அழகு.

என்னைக் கேட்டார். எட்டு வருஷத்துக்கு முன் திருப்பூரில் ஒரு கல்யாணம், பதினொரு மாதம் என்றேன். அவன் அடித்தானா என்று கேட்டார். இல்லை. குடித்தானா? இல்லை. பேசமாட்டான் என்றேன். காது நன்றாகக் கேட்கும், வாய் நன்றாகப் பேசும், என்னோடு பேசமாட்டான். காரணம் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

இதை அப்பாவிடம்கூட இந்த மாதிரிச் சொன்னதில்லை. சைகையில் சொன்னால் சுருக்கமாக முடிந்துவிடுகிறது.

இதெல்லாம் வேலைக் குறிப்பில் சேராது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மார்ச் 2

அப்பா ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். வேடசந்தூரில் நூல் மில்லில் சூப்பர்வைசர். மனைவி இறந்து மூன்று வருஷம். பிள்ளை இல்லை. வரும் ஞாயிறு வருகிறார்கள். சரி என்றேன்.

பதினோராவது பாடம் பாதியில் நிற்கிறது.

மார்ச் 8

வந்தார்கள். அவரும் அவருடைய அக்காவும். நல்ல மனிதர். நான் கொடுத்த காப்பியில் சர்க்கரை இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் சொல்லாமல் குடித்துவிட்டார். "வேலைக்குப் போறது ஒங்க இஷ்டம். வேடசந்தூர்லயும் ஸ்டுடியோ இருக்கு" என்றார். சாந்தமான குரல். ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவர் பேசும்போது கைகள் மடியிலேயே கிடந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9

வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"என்னத்தா கொற?"

"ஒரு கொறயும் இல்லப்பா. பாடம் இன்னும் ரெண்டு இருக்கு. அத முடிக்கணும்."

"பாடம் இந்த வாரத்தோட முடிஞ்சுரும்ல? அப்புறம்?"

தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினேன். அப்பா தோள்துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். "முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டர் வேல பாத்தவன் நான். யாரு எந்த ஸ்டாப்புல எறங்குவாங்கன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லுவேன். நீ டிக்கெட்டு வாங்குன ஊரு எதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத" என்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது இன்றுதான்.

பிறகு வேடசந்தூருக்குப் போன் போட்டு, அவர்கள் மனம் கோணாதபடி ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

மார்ச் 13

பதினான்கு பாடமும் முடிந்தது. கடைசிப் பாடத்தைத் திரையில் ஒரு தடவை முழுக்க ஓட விட்டுப் பார்த்தோம். எங்கேயும் முகம் வெட்டுப்படவில்லை. நானே எல்லாவற்றையும் புரிந்துகொண்டேன். மின்சாரத்தைப் பற்றி இந்த வயதில் இவ்வளவு தெரிந்துகொள்வேன் என்று நினைக்கவில்லை.

பள்ளியில் வைத்த மாதிரித் தேர்வில் அறிவியலில் பதினெட்டுப் பேர் தேறிவிட்டார்கள். யாழினி மட்டும் இல்லை. நடுவில் அக்கா கல்யாணம் என்று பத்து நாள் ஊருக்குப் போய்விட்டாள். மின்சாரப் பாடமும் அதற்கு முந்தியதும் விட்டுப்போயின. வீடியோவைப் பார்த்துப் படித்துவிடுவாள் என்று சார் நம்புகிறார்.

கிளம்பும்போது சார் எனக்கு நன்றி சொன்னார். நானும் சொன்னேன். பாய் வந்து, "சார், ஒங்க கடை இது. எப்ப வேணாலும் வாங்க" என்றார். நான் அதைச் சைகையில் சொன்னேன்.

மார்ச் 16

வளைகாப்பு வீடியோ ஒன்று. வளையல்களைத் திரையில் உருள விட்டேன்.

மார்ச் 18

மணி நான்கு ஆனால் டீக்கடைக்காரர் இன்னமும் மூன்று டீ அனுப்புகிறார். வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 19

சொல்லவில்லை. மூன்றாவது டீயை ஜெராக்ஸ் கடைக்காரர் குடித்தார்.

மார்ச் 23

சார் வந்தார். நடந்து வந்த வேகத்தில் சட்டை நனைந்திருந்தது. யாழினியோடு வீடியோ காலில் பேசியிருக்கிறார். அவள் படிக்கவே இல்லை. விடிவதற்கு முன்பே அம்மாவோடு மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகிறாள். வந்து வீடியோவைப் போட்டால், சும்மா செல்போன் பார்க்கிறாள் என்று அம்மா அதைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறாள். அது விளையாட்டு இல்லை என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை அந்தப் பெண்ணுக்கு. அம்மாவுக்கு எழுதப் படிக்கவும் வராது.

நாளைக்கு நான் அவள் ஊருக்குப் போகிறேன், என்னோடு ஒரு குரல் வேண்டும் என்றார்.

பாயைப் பார்த்தேன். "போய்ட்டு வாம்மா. வளைகாப்பு எங்கயும் ஓடிராது" என்றார்.

மார்ச் 24

காலை எட்டு மணி பஸ். கிராமத்தில் யாழினி வீட்டைக் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய அம்மா வாசலில் பூவை எடைக்குக் கட்டிக்கொண்டிருந்தார். பெயர் காளியம்மாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். வாத்தியார் வீடு தேடி வந்தால் பிள்ளை ஏதோ தப்புச் செய்துவிட்டது என்று பயம்.

நான் பேசினேன். சார் கையால் சொல்லச் சொல்ல, அதை வாயால் சொன்னேன்.

"அக்கா, அவ செல்போன்ல வெளையாடல. இந்த சார் நடத்துன பாடத்தத்தான் பாக்குறா."

"எப்பப் பாத்தாலும் யாரோ ஒரு ஆளு கைய ஆட்டுறதப் பாத்துக்கிட்டே இருக்காளேன்னுதான் வாங்கி வெச்சேன். சத்தமும் வரல, பாட்டும் வரல. புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு பயந்துட்டேன்."

அலமாரியைத் திறந்து செல்போனை எடுத்து வரச் சொன்னேன். மின்சாரப் பாடத்தைப் போட்டு அம்மாவுக்கும் தெரியும்படி வைத்தேன். யாழினியைப் பார்த்து, நீ பார்த்துச் சொல், நான் உன் அம்மாவுக்குச் சொல்கிறேன் என்று சைகையில் சொன்னேன். அவள் சாரைப் பார்த்தாள். சார் தலையசைத்தார்.

யாழினி ஆரம்பித்தாள். மின்சாரம் எப்படி ஓடுகிறது, எங்கே தடைபடுகிறது, வீட்டில் ஒரு பல்பு போனாலும் மற்ற பல்பு ஏன் எரிகிறது. கை பறந்தது. நான் பின்னால் ஓடி ஓடிச் சொன்னேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். அவளே நிறுத்தி, எனக்காக மெதுவாகச் சொன்னாள். காளியம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கேட்டார். "இவ்வளவும் இவளா சொல்றா?"

"ஆமாக்கா. நான் அவ சொன்னத அப்படியே சொன்னேன். ஒண்ணும் சேக்கல."

"பதினாறு வருஷமா எனக்கு இவ பசிக்குதுன்னு சொல்லியிருக்கா. வலிக்குதுன்னு சொல்லியிருக்கா. இது மாதிரி ஒண்ணும் சொன்னதில்லையே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாரைக் கும்பிட்டார். "பரீட்ச முடியுற வரைக்கும் நான் ஒத்தையிலயே பூப் பறிச்சுக்கிறேன் சார்."

சார் மத்தியானம் வரைக்கும் இருந்து அவளுக்கு விட்டுப்போன இரண்டு பாடத்தையும் திருப்பிச் சொல்லிக் கொடுத்தார். கேள்வி கேட்டார். பத்தில் எட்டுச் சரியாகச் சொன்னாள். காளியம்மாள் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. கிளம்பும்போது என் தலையில் ஒரு முழம் மல்லிகையை அவரே வைத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். மூன்று பேர் இருக்கையில் ஜன்னலோரம் சார், நடுவில் நான், இந்தப் பக்கம் பூக்கூடையோடு ஒரு அம்மா. டிரைவர் பாட்டை அலற விட்டிருந்தார். யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. முன் இருக்கையில் புருஷனும் பொண்டாட்டியும் இரண்டு தடவை கத்திப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். பஸ்ஸிலேயே நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் நிம்மதியாகப் பேசிக்கொண்டு வந்தோம். யாழினி எந்த இரண்டு கேள்வியில் தவறினாள், ஏன் தவறினாள், காளியம்மாளின் குழம்பில் காரம் எவ்வளவு.

பூக்கூடை அம்மா வெகு நேரமாக எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பட்டி நிறுத்தத்தில் பாட்டு நின்றதும் என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"அது ஒங்க வீட்டுக்காரராம்மா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சார் என் தோளைத் தட்டி, அந்த அம்மா என்ன கேட்கிறார் என்றார்.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். எந்த ஊர் என்று கேட்கிறார் என்று சொல்லியிருக்கலாம். பூ எங்கே வாங்கியது என்று சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து யார் சொன்னதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இதையும் அப்படியே சொன்னேன்.

அவர் கை மடியில் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு புளியமரம், ஒரு பெட்ரோல் பங்கு, பள்ளிக்கூடச் சுவர் ஒன்று, எல்லாம் போயின. திரும்பி, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டார்.

இன்னும் சொல்லவில்லை, உங்களைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

அவர் ஒரு தடவை இமைத்தார். பிறகு, சிறிய சைகையில், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு பதில் சொன்னார்.

பூக்கூடை அம்மா காத்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி, சார் சொன்னதைச் சொன்னேன்.

"இன்னும் இல்லைங்கம்மா."